தெப்பத்துக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது

தெப்பத் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கோயில் குளத்தில் போர்வெல் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். போதாததற்கு டேங்கர் லாரி. பல ஊர்களில் இது வருடாந்திர வழக்கமாகிவிட்டது. சாமி வலம் வர மூன்றடித் தண்ணீர் நின்றால் போதும், திருவிழா முடிந்த சில வாரத்தில் குளம் பழையபடி காய்ந்து கிடக்கும்.

அந்தத் தண்ணீர் எவ்வளவு என்று ஒரு தடவையாவது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஏக்கர் குளத்தில் ஓரடித் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 12.3 லட்சம் லிட்டர் ஆகும். மூன்றடிக்கு 37 லட்சம். 12,000 லிட்டர் லாரி முந்நூறு நடைக்கு மேல் அடிக்க வேண்டும். வெயில் காலத்தில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகப் போனால் அந்த ஒரு ஏக்கரில் தினமும் 20,000 லிட்டர் காணாமல் போகும். தரைக்குள் இறங்குவது தனி.

இப்போது மழைக்கணக்கு. குளத்தைச் சுற்றிப் பத்து ஏக்கர் தெருவும் கூரையும் அதை நோக்கி வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் மழை ஒன்று பெய்து, அதில் நூற்றுக்கு எழுபது பங்கு ஓடி வந்தால் 14 லட்சம் லிட்டர். ஓரடிக்கு மேல் தண்ணீர், ஒரே மழையில், ஒரு பைசா செலவில்லாமல். ஐப்பசி கார்த்திகையில் இப்படி நாலு மழை பெய்யாத வருடம் கடலோர மாவட்டங்களில் குறைவு. அந்த மழை தெருவில் பெய்கிறது, தெருவிலேயே தேங்கி வீட்டுக்குள் நுழைகிறது, பம்பு வைத்து இறைத்துச் சாக்கடையில் விடப்படுகிறது. பக்கத்திலேயே குளம் வெறுமனே கிடக்கிறது.

இயற்கையோடு நமக்கு இருந்த உறவு அறுந்துபோனதற்கு மதம் காரணமா, மதத்தை விட்டது காரணமா என்று நெடுநாளாக ஒரு வாதம் ஓடுகிறது. கோயில் குளத்தை வைத்துப் பார்த்தால் இரண்டு தரப்பும் சொல்வது எனக்குப் போதவில்லை. பக்தி குறையவே இல்லை. கும்பாபிஷேகங்கள் நடக்கின்றன, தெப்பம் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. அறுந்துபோனது பக்தியோடு கட்டிவைத்திருந்த வேலை. மதம் நீரைக் காத்த காலத்தில், யார் எந்த மாதம் எந்தக் கால்வாயை வெட்டுவது, அதற்கு எந்த நிலத்தின் விளைச்சல், செய்யாதவனுக்கு என்ன தண்டனை என்று பிரித்துக் கொடுத்துத்தான் காத்தது. இன்று சடங்கு மட்டும் நம் கையில் இருக்கிறது, வேலையை டெண்டருக்கு விட்டாயிற்று.

திருவாரூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு: கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி. ஒரு வேலி சுமார் 6.7 ஏக்கர். கோயிலுக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு குளத்துக்கு, அவ்வளவே ஓடைக்கு. ஓடையைக் கோயிலோடு ஒரே மூச்சில் எண்ணிய மனசு அது. இன்று எந்தக் கோயில் அழைப்பிதழிலாவது ஓடையின் பெயர் அச்சாகிறதா?

கல்வெட்டுகளிலும் இதே கதைதான். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறைக்காகப் பாடப்புத்தகத்தில் வருகின்றன. அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஏரி வாரியத்தார் உண்டு. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு வாரியம், ஒரு வருடப் பொறுப்பு, முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்குத் தகுதி கிடையாது. ஏரிப் பராமரிப்புக்கென்று விடப்பட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். தானக் கல்வெட்டுகளின் முடிவில், இந்த தர்மத்தைக் காத்தவன் பாதம் என் தலை மேல் என்று இருக்கும். அழித்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்றும் இருக்கும். போலீஸ் இல்லாத ஊரில் அந்தச் சாபம்தான் காவல். பாவத்துக்குப் பயந்தவன் கால்வாயை மறித்து வீடு கட்டத் தயங்கினான்.

இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல நான் தயாரில்லை. உத்திரமேரூரில் ஓலையில் பெயர் எழுதப்பட நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். சேற்றில் இறங்கித் தூர் அள்ளியவர்கள் வேறு ஆட்கள். எத்தனையோ ஊர்களில் அவர்கள் வெட்டிய குளத்தில் அவர்களுக்கே குடம் நனைக்க உரிமை இருந்ததில்லை. ஊரார் கூடி ஏரி, கால்வாயைப் பராமரிக்கும் குடிமராமத்தை நாம் இன்று பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் 1858 இல் சென்னை மாகாணத்தில் அதற்காகப் போட்ட சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் சவ்தார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தது, பொதுக்குளத்துத் தண்ணீரைத் தொடுவதே போராட்டமாக இருந்ததால்தான். புனிதம் என்ற பெயரில் மனிதனை விலக்கிய குளத்தைப் பழையபடி திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. வேலையைப் பங்கு போடும் முறை வேண்டும், அதில் சாதி கூடாது, இறங்குகிறவனுக்குக் கூலி வேண்டும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

இனி குளத்துக்கு வருகிறேன். நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், அது குளத்தில் விழும் வாய், படித்துறை, அடித்தளம், மிஞ்சிய நீர் வெளியேறும் போக்குக்கால் எல்லாம் சேர்ந்ததுதான் குளம். திருப்பணி என்று அறிவித்தவுடன் பணம் போகும் இடங்கள் என்னவோ சுற்றுச்சுவர், இரும்பு வேலி, நடைபாதை டைல்ஸ், அலங்கார விளக்கு, நீராழி மண்டபத்துக்குப் பெயிண்ட். உபயதாரர் பெயரைக் கல்லில் வெட்ட அங்கெல்லாம் இடம் இருக்கிறது. தெருவுக்கு அடியில் போகும் வரத்துக்காலில் யார் பெயரை வெட்டுவது?

வரத்துக்கால் கெடுவது மூன்று விதமாக. ஒன்று, அடைப்பும் ஆக்கிரமிப்பும். எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டாவது, மட்டம். இதை யாரும் கவனிப்பதில்லை. குளத்தின் வாய் பழைய தெரு மட்டத்துக்கு வைத்தது. அதற்குப் பிறகு பழைய ரோட்டைச் சுரண்டாமலே மேலே மேலே தார் போட்டு வாயை மூடியிருப்பார்கள். அல்லது புதிதாகக் கட்டிய மழைநீர் வடிகாலின் தரை குளத்து வாயைவிட இரண்டு மூன்றடி கீழே இருக்கும். அப்போது தண்ணீர் குளத்தைத் தாண்டிக் கீழேயே போய்விடும். எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சொட்டு ஏறாது. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும், அரை நாளில் தெரிந்துவிடும். வடிகாலின் தரை மட்டம், குளத்து வாயின் மட்டம், படித்துறையின் மேல்படி மட்டம் மூன்றையும் குறித்துவிட்டுத்தான் எஸ்டிமேட் போட வேண்டும். வாய் மேலே இருந்தால் வடிகாலில் ஒரு தடுப்புப் பலகை வைத்து நீரை உயர்த்தலாம், ஆனால் அதனால் வடிகாலின் மேல்பக்கம் இருக்கும் தெரு மூழ்குமா என்று பார்த்துச் செய்ய வேண்டும். இல்லையென்றால் வாயையே தாழ்த்திக் கட்ட வேண்டும்.

மூன்றாவது, சாக்கடை. மழைநீர் வடிகாலில் வீட்டுக் கழிவுநீரைத் திருட்டுத்தனமாக இணைத்திருப்பார்கள். கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். ஒரு வாரம் மழையில்லாத நாளில், காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள், மூடியைத் திறந்து பாருங்கள். அந்த நேரம்தான் வீடுகளில் குளியலும் துவையலும். அப்போது வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது கழிவுநீர். ஒவ்வொரு மூடியாக மேலே போய்க்கொண்டே இருந்தால் எந்த வீட்டுக்கு மேல் ஓட்டம் நிற்கிறதோ, இணைப்பு அங்கே இருக்கிறது. அதை வெட்டாமல் வடிகாலைக் குளத்தில் சேர்த்தால், இருக்கும் குளமும் போய்விடும்.

குளத்துக்குள் விழுமுன் இரண்டு அறைகள் கொண்ட வண்டல் தொட்டி அவசியம். ஒவ்வொன்றும் 2 மீட்டர் நீளமாவது இருக்கட்டும், வெளியேறும் விளிம்பு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். ஓட்டத்தின் வேகம் செத்தால்தான் மணல் படியும். குப்பை தடுக்கும் கம்பி வலையை நேர்க்குத்தாக வைப்பது வழக்கம், அதுதான் தவறு. முதல் பத்து நிமிடத்தில் பிளாஸ்டிக் பை அப்பிக்கொண்டு அடைத்துவிடும். சாய்வாக வைத்தால் குப்பை மேலே ஏறும், வாரியால் இழுத்துப் போடலாம். முதல் மழையின் முதல் கால் மணி நேரத் தண்ணீரில் எண்ணெயும் நாய் அசுத்தமும் டயர் தூளும் வரும். அதைக் குளத்துக்கு வெளியே திருப்பிவிட ஒரு பலகை மதகு போதும். ஆனால் அந்தப் பலகையை ஏற்றி இறக்க ஓர் ஆள் வேண்டும். பெயர் சொல்லி, சம்பளம் கொடுத்து, மழைக்காலம் முழுதும். இந்த ஓர் ஆள் இல்லாததால் வீணான திருப்பணிகளே அதிகம்.

அடுத்தது தளம். இங்கேதான் மனசு பதறுகிறது. தண்ணீர் நிற்கவில்லை என்று சொல்லிக் குளத்தின் அடியில் கான்கிரீட் போடுகிறார்கள். ஏன் நிற்கவில்லை? ஒரு காலத்தில் ஊரின் நிலத்தடி நீர்மட்டம் குளத்தின் அடிமட்டத்தை ஒட்டி இருந்தது. சுற்றுமுற்றும் மண் ஈரத்தில் ஊறிக் கிடந்ததால் குளத்து நீர் இறங்க இடமில்லை. கும்பகோணம் மாமாங்கக் குளத்துக்கு உள்ளேயே கிணறுகள் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், குளமும் நிலத்தடி நீரும் ஒன்றாகவே எண்ணப்பட்டன. இன்று வீட்டுக்கு வீடு போர்வெல் போட்டு நூறு அடி, இருநூறு அடி என்று இறங்கிவிட்டோம். குளம் காய்வது அதனால். கான்கிரீட் போட்டால் தெப்பம் ஓடும், படம் எடுக்கலாம். ஆனால் பக்கத்துத் தெருக் கிணறுகளுக்கு ஊற்று நின்றுபோகும், மண்ணோடு தொடர்பறுந்த நீர் சீக்கிரம் பச்சையாகும்.

தூர்வாருவதிலும் இதே அவசரம். பொக்லைன் இறங்கி ஐந்தடி ஆழமாக வெட்டித் தள்ளுகிறது. முன்னோர் மிதித்து இறுக்கிய களிமண் அடுக்கு அதோடு போய்விடுகிறது, கீழே மணல் தெரிகிறது, அந்த வருடத்திலிருந்து குளம் சல்லடை. முதலில் நாலைந்து இடத்தில் கையால் குழி வெட்டிப் பார்க்க வேண்டும். மேலே கறுத்து நாறும் வண்டல் எத்தனை அங்குலம், அதன் கீழே களி எங்கே தொடங்குகிறது என்று அளக்க வேண்டும். மண்ணைக் கொஞ்சம் ஈரமாக்கி உள்ளங்கையில் உருட்டுங்கள். 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு நூல் போல உடையாமல் வந்தால் அது களி, அதோடு நிறுத்திவிட வேண்டும். களி போய்விட்ட இடத்தில் ஓரடிக் களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, ஈரப்படுத்தி, உருளையால் அழுத்தலாம். நடுப்பகுதிக்கு மட்டும் அது போதும். ஓரங்களைத் திறந்தே விட்டால் வெள்ள நாளில் ஏறும் நீர் அவற்றின் வழியாக நிலத்துக்குள் இறங்கும், நடுவில் நீர் நிற்கும். களியைப் போட்டபின் வெயிலில் காயவிட்டால் பாளம் பாளமாக வெடித்துவிடும். ஆகவே இந்த வேலை புரட்டாசிக்குள் முடிந்து மழையைச் சந்திக்க வேண்டும். சித்திரையில் முடித்துவிட்டு மாலை போடக்கூடாது.

படிக்கல் இடுக்குகளில் சிமெண்ட் பூசுவதும் கேடு. பழைய படித்துறைகளில் பல, கல்லும் பின்னால் மண்ணுமாகச் சுண்ணாம்பில்லாமல் அடுக்கியவை. நீர் அவற்றின் வழியாக மூச்சுவிடும். இடுக்கை அடைத்துவிட்டுச் சுத்தம் செய்வதற்காக ஒரே நாளில் குளத்தை இறைத்தால், பின்னால் மண்ணில் நிற்கும் நீர் சுவரை முன்னால் தள்ளும். கல் பிதுங்கும், சரியும். நாளுக்கு அரையடிக்கு மேல் இறைக்காமல் இருந்தால் தப்பும்.

நீரின் தரத்தைப் பற்றி ஒன்று மட்டும். மீனுக்குப் பொரி போடுவது புண்ணியம் என்று மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறோம். தின்றது போக மிச்சம் அழுகும், பாசி கொழுக்கும். பகலில் பாசி உயிர்வளி விடும், இரவில் அதுவே உறிஞ்சும். மேகமூட்டமான நாளுக்கு அடுத்த விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும், பிறகு மிதக்கும். விஷம் கலந்துவிட்டார்கள் என்று புகார் போகும். பல சமயம் அதற்குக் காரணம் நம் பொரியும் பாலும் விளக்குக்கு ஊற்றும் எண்ணெயும்தான். பொரி விற்பதைக் கோயில் வாசலில் நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் திருமலை நாயக்கர் 1645 இல் வெட்டியது. வைகையிலிருந்து நீர் வரும்படி அமைத்தது. பல பத்தாண்டுகள் அது கிரிக்கெட் ஆடும் மைதானமாகக் கிடந்தது, தைப்பூசத் தெப்பத்துக்கு மட்டும் நீர் நிரப்பினார்கள். பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து வைகை நீரை மறுபடி திருப்பிவிட்டபின் குளம் நிறைந்து நின்றது. அதற்கு அங்கே நடந்தது கால்வாய் வேலைதான்.

உங்கள் ஊரில் குளத் திருப்பணி என்று அறிவிப்பு வந்தால் செயல் அலுவலரிடமும் அறங்காவலரிடமும் போய்க் கேளுங்கள். எஸ்டிமேட்டில் வரத்துக்காலுக்கு எவ்வளவு? மட்டம் எடுத்தாயிற்றா? தளத்துக்கு என்ன போடப் போகிறீர்கள்? மழைக்காலத்தில் மதகைப் பார்க்கப் போகிற ஆள் யார், சம்பளம் எந்தக் கணக்கில்? தெப்பத்துக்கு நன்கொடை கேட்டு வந்தால், விளக்குக்கும் பந்தலுக்கும் வேண்டாம், ஆவணியில் கால்வாய் வெட்டும் கூலிக்கு என்று எழுதி ரசீது வாங்குங்கள். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்யும்போது குடையோடு குளத்து வாய்க்குப் போய் நில்லுங்கள். தண்ணீர் விழவில்லை என்றால் அங்கேயே வீடியோ எடுத்துத் தேதியோடு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள், அடுத்த மழைக்குள் சரிசெய்ய நாள் இருக்கும்.