14416-ஐ அழைத்த பிள்ளை அடுத்து எங்கே போவது?

2022 அக்டோபரில் ஒன்றிய அரசு, தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் சேவையைத் தொடங்கி 14416 என்ற எண்ணைத் தந்தது. நல்ல காரியம். நள்ளிரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. என் வகுப்பறைச் சுவரிலும் அந்த எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறேன். என் கோபமெல்லாம் அழைப்பு முடிந்த பிறகு நடப்பதைப் பற்றியது. மறுமுனையில் இருப்பவர் "மருத்துவரைப் போய்ப் பார் தம்பி" என்கிறார். எந்த மருத்துவரை?

எங்கள் பகுதியிலிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் பஸ் மாறிப் போக வேண்டும். புறநோயாளிகளைக் காலையில்தான் பார்க்கிறார்கள், ஆகவே பள்ளிக்கு விடுப்பு. அம்மாவோ அப்பாவோ உடன் வந்தால் அன்றைய கூலி போயிற்று. வரிசையில் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. மனநல சிகிச்சை ஒரு ஊசியோடு முடிவதில்லை. மாதக்கணக்கில் போய்வர வேண்டும். எத்தனை குடும்பங்களால் முடியும்?

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. 2022-இல் மட்டும் 13,000-க்கும் அதிகமான மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்திருக்கிறது. இவ்வளவும் அரசுக்குத் தெரிந்த கணக்குதான்.

பணம் எங்கே போகிறது? ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் மனநலத்துக்கென்று நேரடியாக ஒதுக்கப்படும் தொகையில் பெரும்பகுதி பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸுக்குப் போகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். நிபுணர்கள் அங்கேதான் உருவாகிறார்கள். ஆனால் தேசிய மனநலத் திட்டத்துக்கு 2019-20-இல் அறிவித்த 40 கோடி ரூபாய், திருத்திய மதிப்பீட்டில் 5 கோடியாகச் சுருங்கியதை என்னவென்று சொல்வது? செலவழிக்க ஆளில்லை, அதனால் பணம் குறைகிறது. பணம் குறைவதால் ஆளை நியமிப்பதில்லை. நியமித்தாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். மனம் திறந்து பேச ஒரு பதின்பருவப் பெண்ணுக்குப் பல வாரங்கள் பிடிக்கும். அதற்குள் ஆலோசகர் மாறிவிட்டால் அவள் இன்னொருவரிடம் முதலிலிருந்து சொல்வாளா? சொல்ல மாட்டாள்.

சட்டம் இதைவிடத் தாராளமானது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், குழந்தைகளுக்கான மனநல சேவையையும் அரசு தந்தே ஆக வேண்டியவற்றில் சேர்த்திருக்கிறது. மாவட்டத்தில் அரசு சேவை இல்லையென்றால் அங்குள்ள வேறு இடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசு ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. இப்படி ஓர் உரிமை இருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆகவே நிதிநிலை அறிக்கையில் 25 வயதுக்கு உட்பட்டவர்களின் மனநலத்துக்குத் தனித் தலைப்பில் ஒதுக்கீடு வேண்டும். வட்ட மருத்துவமனைகளில் வாரம் இரண்டு நாளாவது மாலை நேர மனநலப் பிரிவு நடக்க வேண்டும். சில அரசுப் பள்ளிகளுக்குச் சேர்த்தாவது ஓர் ஆலோசகரை நிரந்தரப் பணியில், காலமுறை ஊதியத்தில் அமர்த்த வேண்டும்.

மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பு எங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுக்க இதையே மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் தொகுதியிலும் கொடுக்க விரும்பும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கீழே சொல்லுங்கள், படியை அனுப்புகிறேன்.