‘சாப்டாச்சா’வுக்கு அப்புறம் என்ன கேட்பது?

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஊரிலிருக்கும் பெற்றோருக்குப் போன் போட்டால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஓடும். "சாப்டாச்சா?" "ஆச்சு." "மாத்திரை போட்டீங்களா?" "போட்டேன்." "உடம்பு எப்படி இருக்கு?" "எனக்கென்ன, நல்லாருக்கேன். நீ சாப்டியா?" ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்கப்புறம் பக்கத்து வீட்டுக் கல்யாணம், மழை, கரண்ட் கட்.

இதில் அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தகவல்தான் இல்லை. ஒற்றைச் சொல்லில் முடிக்க இடம் கொடுத்தால் எந்த அப்பா அம்மாவும் அப்படியே முடித்துவிடுவார்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளையைக் கலவரப்படுத்த வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே கேள்வியை மாற்ற வேண்டியது நாம். ‘சாப்டாச்சா’வைத் தூக்கிப் போட வேண்டாம், கொஞ்சம் நீட்டினால் போதும்.

"எத்தனை மணிக்குச் சாப்டீங்க? மாத்திரை அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போடுகிறவரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது இது. வயிற்றுக்குச் சோறு வந்தாலும் வராவிட்டாலும் அந்த மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். காலையில் போட்டுவிட்டு, சஷ்டி, பிரதோஷம் என்று பட்டினி கிடந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், பேச்சு குழறும். தனியாக இருப்பவர் "அசதியா இருக்கு" என்று போய்ப் படுத்துவிடுவார், அங்கேதான் ஆபத்து. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. அதனால் "சுகர் மாத்திரை போட்டாச்சு" என்ற பதில் போதாது, மாத்திரையின் பெயர் வேண்டும்.

தைராய்டு மாத்திரை இதற்கு நேர்மாறு. வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. நம் ஊர் அம்மாக்களின் காலைக் காபி அவ்வளவு நேரம் காத்திருக்காது, மாத்திரையும் காபியும் ஒன்றாகவே உள்ளே போகும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நடுவே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது. தைராய்டு ரத்தப் பரிசோதனையில் வரும் டிஎஸ்எச் அளவு இறங்கவில்லையே என்று டோஸைக் கூட்டும் முன் காபி எத்தனை மணிக்கு என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல், ஒரே மருந்து இரண்டு பெயரில் வருவது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். ஆனால் டவுனில் பார்க்கும் தனியார் டாக்டரிடம் அதைச் சொல்வதில்லை. அவர் அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் எழுத, இரண்டும் சேர்ந்து உள்ளே போகும். வீடியோ காலில் "எல்லா அட்டையையும் மேசையில் பரப்புங்க" என்று சொல்லி, பெரிய எழுத்தை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். அப்படியே எண்ணவும் சொல்லுங்கள். தினம் ஒன்று வீதம் ஒன்றாம் தேதி தொடங்கிய 30 மாத்திரையில் 20-ஆம் தேதி இரவு 10 இருக்க வேண்டும். 17 இருந்தால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த மாதம் கணக்கு சரியாக இருக்கும், மாத்திரை குப்பைத் தொட்டியில் இருக்கும்.

விழுந்ததையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "கீழ விழுந்தீங்களா?" என்றால் இல்லை என்பார்கள். "ராத்திரி பாத்ரூம் போகும்போது எதைப் பிடிச்சுக்குவீங்க?" என்று கேளுங்கள். "கதவை", "வாளியை" என்று வந்தால் கைப்பிடி பொருத்த ஆள் அனுப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது.

உடம்பைப் பற்றிக் கேட்பதாவது சுலபம். காகிதங்களைப் பற்றிக் கேட்டால் "ஏன், நான் போயிடுவேன்னு பாக்குறியா?" என்று திருப்பி அடிப்பார்கள். கோபம் நியாயமானதுதான், நாம் கேட்கும் நேரம் அப்படி. யாராவது இறந்த வீட்டுக்குப் போய்வந்த மறுநாள், இல்லையென்றால் அறுவை சிகிச்சைக்கு முதல் நாள்! பொங்கல் லீவில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு வருகைக்கு ஒரே ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் நம் காகிதத்தைக் காட்ட வேண்டும். "என் பாலிசியில் யார் பேரு இருக்குன்னு பாருங்க, கணக்கு இந்த பேங்க்ல" என்று தொடங்கினால் பீரோ சாவி தானாக இறங்கிவரும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாரையும் விட்டுவிட்டுக் கேட்கவே கூடாது. ஒருவர் மட்டும் தனியாகக் கேட்டால் அது அக்கறையாகப் படாது, சொத்துக்கு அடிபோடுவதாகத்தான் படும்.

என்ன கேட்பது? "நாமினி போட்டிருக்கீங்களா" என்பது பாதிக் கேள்வி. "யார் பேரு, எந்த வருஷம் போட்டது, எப்படி எழுதியிருக்கு" என்பதுதான் முழுசு. இறந்துபோன தாத்தா இன்னும் நாமினியாக இருக்கும் கணக்குகள் உண்டு. பாஸ்புக்கில் எஸ். லட்சுமி, ஆதாரில் லட்சுமி சுப்பிரமணியன், பட்டாவில் லெட்சுமி என்றால் மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போது ஒரு மனுவில் முடிகிற வேலை அது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை, பங்கு விகிதத்தோடு நாமினி போடலாம். ஆனால் நாமினியே சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. வங்கி அவர் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பை முடித்துக்கொள்ளும். அது யாருக்குச் சேரும் என்பதை உயில் சொல்லும், உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டம் சொல்லும். பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. பாட்டியின் பங்கை மறந்துவிட்டு நடக்கும் பாகப்பிரிவினைகள் கொஞ்சமல்ல. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சி வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்வது நல்லது.

பத்து வருடம் யாரும் தொடாத, கேட்காத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். 2023-இல் வந்த ‘உத்கம்’ இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், வங்கி மூலம் திரும்பப் பெறவும் முடியும். எந்தத் தளத்திலும் தேட முடியாதது கைமாத்து. அதை அப்பாவிடம் மட்டும் கேட்டால் போதாது, அம்மாவிடமும் தனியாகக் கேளுங்கள். யாரிடம் சீட்டு, எத்தனை தவணை பாக்கி, எந்த நகை எந்த வங்கியில் அடகு, மீட்கும் தேதி என்ன, மகளிர் குழுவில் கடன் எவ்வளவு என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கும். கேட்டவுடன் தர வேண்டும் என்று எழுதிய புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து மூன்று வருடம்தான் உயிர். அதற்குள் கொஞ்சம் பணம் வரவு வைத்து, வாங்கியவர் கையெழுத்தோடு பின்பக்கம் எழுதி வாங்கினால் இன்னும் மூன்று வருடம்.

யாரும் வாயே திறக்காத கேள்வி, ஐசியூ. நினைவு திரும்ப வழியில்லாத நிலையில் வென்டிலேட்டர் வேண்டுமா? முன்கூட்டியே எழுதி வைக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது, 2023-இல் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும். பத்திரமே எழுதாவிட்டாலும், எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி ஒருமுறை அவர்களே வாயால் சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாதிச் சண்டை இருக்காது.

பதில்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பாஸ்வேர்டும் பின் நம்பரும் அதில் வேண்டாம். நோட்டு எங்கே இருக்கிறது என்பது குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர்களும் நம்மிடம் கேட்பார்கள். "உனக்குக் கடன் எவ்வளவுப்பா இருக்கு?" நாம் சொல்வது? "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா." அவர்கள் உடம்பைப் பற்றிச் சொன்ன அதே ‘ஒண்ணுமில்ல’! வீட்டுக் கடன் பாக்கி எவ்வளவு, எந்த வங்கி, மாதத் தவணை எத்தனை, நாம் இல்லாமல் போனால் அதை அடைக்கக் காப்பீடு இருக்கிறதா, கம்பெனியில் யார் எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பதை அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் நாம் எழுத வேண்டும். அதுவும் இந்தப் பொங்கலுக்கே.