கையெழுத்தை வெட்டிவிட்டுப் படத்தை வைத்துக்கொண்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த அந்த இதழின் ஆண்டு விழாவைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் மூன்று நாள் இருந்தேன். நேற்று ஒருவர் என் பக்கத்துக்கு வந்து, "படம் கீறினவருக்குப் பொன்னாடை போர்த்தினால் அச்சுக் கோத்தவருக்கும் போர்த்த வேண்டி வரும்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். போர்த்துங்களேன், யார் மறித்தது? இதழை ஒருநாளும் விரித்துப் பார்க்காத விளம்பரதாரருக்குப் போர்த்த முடிந்ததுதானே.

மேடைக்குப் பின்னால் தொங்கிய பதாகையைப் பார்த்தீர்கள். அதிலிருந்த பெண் இதழின் ஓவியர் கீறியவள். இதழின் பெயரும் அவர் கையால் எழுதியது. வலது மூலையில் அவர் போடும் சின்னக் கையெழுத்தை மட்டும் காணோம். அந்தப் படத்தின் கீழே இருந்துகொண்டு இரண்டரை மணித்தியாலம் பேசினார்கள். ஒருவர் வாயிலும் அவர் பெயர் வரவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். அந்த இதழின் முகம் அவர் கீறியது. கடையில் பத்து இதழ்கள் தொங்கும்போது தூரத்திலேயே அடையாளம் கண்டு கை நீட்டினோமே, ஆசிரியத் தலையங்கத்தைப் பார்த்தா நீட்டினோம்?

"காசில்லாத இதழ், ஏதோ கறுப்பு வெள்ளையில் கீறினார்" என்கிறார்கள். அந்தக் காசில்லாமையைத்தான் ஐயா அவர் பாணியாக்கினார். அப்போது ஒவ்வொரு படத்தையும் அச்சிட உலோகத்தில் புளொக் செய்ய வேண்டும், அதற்குத் தனிச் செலவு. மலிவுத் தாளில் நெருக்கமான கோடுகள் மை ஊறி ஒன்றாகிவிடும். அதனால் தடித்த கோடு, நிறைய வெள்ளை, முகத்தில் நிழலே கிடையாது. கவிதையைச் சுற்றி இடம் விடச் சொல்லி அச்சகத்தில் சண்டை பிடித்ததும் அவர்தான். தாள் விலை தெரியாத மனுசன் என்று அன்றைக்கு அவரைத் திட்டினார்கள். பிறகு அதுவே 'நமது இதழின் அழகியல்' ஆகிவிட்டது.

எங்கள் வீட்டில் அப்பா கல்கியில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனைக் கிழித்துச் சேர்த்துப் பைண்ட் செய்து வைத்திருந்தார். எழுத்துக் கூட்டத் தெரியுமுன்பே எனக்கு வந்தியத்தேவனைத் தெரியும். ஓவியர் மணியம் காட்டிய வந்தியத்தேவன். பிறகு அதே கதை கல்கியில் திரும்ப வந்தபோது வேறு ஓவியர்கள் கீறினார்கள், நன்றாகவே கீறினார்கள். ஆனாலும் நந்தினியின் கொண்டை என்றால் எனக்கு மணியம் போட்ட கொண்டைதான்.

"சிரித்திரனில் ஆசிரியரைத்தானே கொண்டாடுகிறோம்" என்று அந்த ஈழத்து நகைச்சுவை இதழைக் காட்டி ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அங்கே ஆசிரியர் சுந்தரே கார்ட்டூனிஸ்ட், சவாரித்தம்பர் என்ற கார்ட்டூன் பாத்திரத்தைக் கீறியவரும் அவரே. ஓவியர் ஆசிரியர் கதிரையிலும் இருந்தால் மறக்கமாட்டீர்கள். வாசல் பக்கத்து வாங்கில் இருந்தால் மறந்துவிடுவீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுத்து இல்லாமல் படம் ஏது என்பதும் சரிதான். அதற்கு என்னிடம் பெரிய பதில் இல்லை, எனக்கு அது பெரிய கேள்வியாகவும் படவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் முதல் கதை அந்த இதழில் வந்தபோது பார்த்தவர்கள் எல்லாம் "படம் நல்லா இருந்தது" என்றார்கள். கதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இப்போது அந்தக் கதை எனக்கே மறந்துவிட்டது. குடையோடு நிற்கும் அந்தக் கிழவர் படம் மட்டும் நினைவில் நிற்கிறது.

அழைப்பிதழ் கிடைக்காத கோபத்தில் எழுதுகிறேன் என்றும் சொல்வீர்கள். ஆம், கிடைக்கவில்லை. பதினாறு வருடம் சம்பளமில்லாமல் புரூஃப் பார்த்தவனுக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்பக்கூட நேரமில்லை. போகட்டும். சுவரொட்டியைப் பார்த்துவிட்டு நானாகவே போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். என்னை விடுங்கள், எழுபத்தெட்டு வயது மனிதர் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து என் பக்கத்தில் இருந்தாரே, அவரைக் கூடவா ஒருவருக்கும் தெரியவில்லை?

இன்று காலை அவருக்குப் போன் எடுத்தேன். பெயர் சொல்லாததைப் பற்றி நான்தான் குமுறினேன்.

"அதை விடும் தம்பி," என்றார். "பதாகைக்காகத் தலைப்பை இழுத்துப் போட்டிருக்கிறாங்கள், கண்டனீரே? ழகரத்தின்ரை வளைவு செத்துப்போச்சு."