மாமியின்ர இடாப்பு

மே மாசம் வந்தால் எங்கட பேஸ்புக்கில ஒரு சண்டை தொடங்கும், 2009 இல வன்னியில நடந்த கடைசிச் சண்டையில செத்த தமிழ்ச் சனம் 40 ஆயிரமா, 70 ஆயிரமா, ஒண்டரை லட்சமா எண்டு. ஒராள் ஒரு நம்பரைப் போடுவார், கீழ வாறவர் "குறைச்சுச் சொல்லுறாய், நீ ஆற்ற ஆள்" எண்டு கேப்பார், இன்னொராள் "கூட்டிச் சொல்லாதேங்கோ" எண்டுவார், முந்நூறு கொமெண்ட் போகும், அதுக்குள்ள செத்த ஒரு ஆளின்ர பேர் கூட இருக்காது. இந்த முறையும் இருந்து முழுக்க வாசிச்சன். அண்டிரவு நித்திரை வரேல்லை. அதுதான் எழுதுறன், நீட்டா வரும், நேரம் இருக்கிறவை வாசியுங்கோ.

நான் ரியூசனில கணக்குப் படிப்பிக்கிறனான், எண்ண வேண்டாம் எண்டு நான் சொல்ல வரேல்லை. வன்னிக்குள்ள கடைசி மட்டும் நிண்ட சனத்துக்கு எண்ணுறது எண்டால் என்னெண்டு நல்லாத் தெரியும், எங்களைக் குறைச்சு எண்ணித்தான் எங்கட சாப்பாட்டைக் குறைச்சது. 2008 செப்டம்பரில ஐ.நா. ஆக்களையும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளிக்கிடச் சொல்லி அரசாங்கம் சொல்லிப்போட்டுது, அவையள் கிளிநொச்சியில இருந்து வெளிக்கிட்டினம், சனம் அவையின்ர வளவு வாசலில போய் நிண்டு போகாதேங்கோ போகாதேங்கோ எண்டு கெஞ்சினது. செஞ்சிலுவைச் சங்கம் (ஐ.சி.ஆர்.சி.) மட்டும்தான் மிஞ்சினது. அதுக்குப் பிறகு உள்ளுக்க எத்தினை சனம் எண்டு சொல்ல, மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிதான் இருந்தது, கிராம சேவகர்மார் (ஜி.எஸ்.) இருந்தவை, குடும்ப அட்டை இருந்தது. கச்சேரி மூண்டு லட்சத்துக்கு மேல எண்டு சொல்லிச்சுது. கொழும்பு 2009 பெப்ரவரியில 70 ஆயிரம் எண்டு சொல்லிச்சுது. அந்த 70 ஆயிரம் எண்ட கணக்கை வச்சுத்தான் மாவும் பருப்பும் மருந்தும் கப்பல் ஏறினது, அதுவும் ஒழுங்கா வந்து சேரேல்லை. புதுமாத்தளனில மயக்க மருந்து இல்லாமல் காலைக் கழட்டினவை எண்டு இண்டைக்குச் சொன்னால் வெளியில இருக்கிறவை ஏதோ கதை மாதிரிக் கேக்கினம், ஆனால் அதின்ர தொடக்கம் அந்தக் கணக்கில இருக்கு. கடைசியில முகாமுக்குள்ள வந்து பதிஞ்ச சனம் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல. 70 ஆயிரம்தான் எண்டால் மிச்சச் சனம் கடலுக்குள்ள இருந்தோ வந்தது?

பசியில நிண்ட சனத்துக்குச் சாமான் எடுக்கிற துண்டு எண்டால் உயிர். அம்பலவன்பொக்கணையில 2009 ஏப்ரல் 8, குழந்தையளுக்குப் பால்மா குடுக்கிறாங்கள் எண்டு தாய்மார் லைனில நிக்கேக்க ஷெல் வந்து விழுந்தது. ஐ.நா. நிபுணர் குழுவின்ர அறிக்கையில அது இருக்கு, செத்துக் கிடந்த தாய்மார் சிலபேரின்ர கையுக்குள்ள பால்மா எடுக்கிற அட்டை இருந்தது எண்டு எழுதியிருக்கினம். எனக்கு அப்ப 13 வயசு. நாங்கள் அண்டைக்கு அந்தப் பக்கம் போகேல்லை, எங்கட வீட்டில பால் குடிக்கிற பிள்ளை இல்லை, அது ஒண்டுதான் காரணம். அந்த அட்டையளில தாயின்ர பேர் இருந்திருக்கும், பிள்ளையின்ர பேர் இருந்திருக்கும். அதுகளை ஆராவது எடுத்து வச்சவையோ?

மாமியைப் பற்றிச் சொல்லோணும். அப்பாவின்ர அக்கா. சண்டைக்கு முதல் எங்கட ஊரில முன்பள்ளி ரீச்சர். இடம்பெயரேக்க ஆக்கள் நகை எடுத்தவை, காணி உறுதி எடுத்தவை, மாமி அதோட பள்ளிக்கூட வரவு இடாப்பையும் எடுத்து சொப்பிங் பாக்கில சுத்தி வச்சுக்கொண்டு வந்தா. "பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கேக்க வேணும் தானே" எண்டுதான் அப்ப சொன்னவ. விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால், எல்லா இடமும் அது பங்கருக்குள்ள எங்களோட இருந்தது. கடைசியில வட்டுவாகலால ஆமிப் பக்கம் கடக்கேக்க ஒரு கையால என்னைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால அந்த பாக்கைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டு வந்தது எனக்கு இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. அதுக்குள்ள 27 பிள்ளையளின்ர பேர்.

செட்டிக்குளம் முகாமில கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நிண்டு அந்தப் பக்கத்துச் சனத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் மாமி எழுதத் தொடங்கினவ. தண்ணி லைனில நிக்கேக்கயும் கேப்பா, கக்கூஸ் லைனில நிக்கேக்கயும் கேப்பா, "உங்கட பக்கத்தில இன்னாரின்ர குடும்பம் இருக்கோ, சின்னவள் வந்தவளோ" எண்டு. வந்த பிள்ளைக்கு ஒரு சரி அடையாளம். இல்லாத பிள்ளைக்குத் திகதி, இடம், என்னத்தால செத்தது, ஆர் கண்டது, எங்க தாட்டது, எல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள்ள பொடி எழுத்தில, முந்தி வரவு போட்ட கட்டத்துக்குள்ள. தாயோ தேப்பனோ சொன்னால்தான் பேனையால எழுதுவா. வேற ஆரும் சொன்னால் பென்சில். நான் கேட்டனான் ஏன் மாமி பென்சில் எண்டு, "அவை பிழையாக் கண்டிருந்தால்?" எண்டா. 19 பேர் சரி. 5 பேர் பேனை. 3 பேர் பென்சில், இண்டைக்கும்.

இப்ப அந்த இடாப்பைப் பாக்கேக்க எனக்கு விளங்குது, ஐ.நா. ஆக்களும் அதைத்தான் செய்தவை எண்டு. கொழும்பில இருந்து, வன்னிக்குள்ள நிண்ட தங்கட உள்ளூர் ஊழியர்கள், டொக்டர்மார், பாதர்மார் சொன்னதை எடுத்து மூண்டு பக்கத்தால உறுதிப்படுத்தினால் மட்டும் எண்ணினவை. மே 13 வரைக்கும் 7,721 பேர் செத்தவை, 18,479 பேர் காயம் எண்டு அவையின்ர கையில இருந்தது. அந்தக் கணக்கை வெளிய விடேல்லை. சனம் செத்துக்கொண்டிருக்கேக்க மேசையில வச்சுக்கொண்டு இருந்தவை, 2012 இல ஐ.நா. தன்னைத் தானே விசாரிச்சு வெளியிட்ட அறிக்கையே அதைப் பிழை எண்டு சொல்லுது. அதோட இந்த 7,721 ஐத் தூக்கிக்கொண்டு வந்து "இவ்வளவுதான் செத்தது" எண்டு சொல்லுறவைக்கு ஒண்டு சொல்லுறன். அது உறுதிப்படுத்தக் கூடினவையின்ர கணக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் பங்கரோட மூடிவிட்ட சனம் அதுக்குள்ள முழுக்க இல்லை. மே 13 க்குப் பிறகு சண்டை முடியுமட்டும் வந்த அந்த அஞ்சு நாளும் இல்லவே இல்லை, அந்த அஞ்சு நாள் என்ன நடந்தது எண்டு அங்க நிண்ட எங்களைக் கேளுங்கோ. டொக்டர்மார் வெளிய சொன்னவை எண்டதுக்காக அவையைப் பிடிச்சு அடைச்சு, 2009 ஜூலையில கமராவுக்கு முன்னால இருத்தி, நாங்கள் கூட்டிச் சொன்னனாங்கள் எண்டு சொல்ல வச்சவை. அதையும் நாங்கள் பாத்தனாங்கள்.

மற்றது அந்த 1,46,679. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை 2011 ஜனவரியில அரசாங்கத்தின்ர ஆணைக்குழுவுக்கு முன்னால போய்க் கேட்டவர், கச்சேரிக் கணக்குப்படி 2008 ஒக்டோபரில வன்னிச் சனம் 4,29,059, 2009 ஜூலை 10 மட்டும் வெளிய வந்ததா ஐ.நா. சொல்லுறது 2,82,380, மிச்ச 1,46,679 பேருக்கு என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ எண்டு. ஒண்டு அரசாங்கத்தின்ர சொந்தக் கச்சேரித் தாளில இருந்து எடுத்த எண், மற்றது ஐ.நா. தாளில இருந்து எடுத்த எண். அவர் இவ்வளவு பேரும் செத்திட்டினம் எண்டு சொல்லேல்லை, கேள்வி கேட்டவர். அவர் 2021 இல போயிட்டார், ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை. நாங்கள் என்ன செய்தனாங்கள்? அந்தக் கேள்வியை எடுத்து போஸ்டரில "பலி" எண்டு அடிச்சிட்டம். அப்பிடி அடிக்க அடிக்க, மறுக்கிறவனுக்கு அதை உடைக்கிறது லேசாப் போச்சு. எனக்கு இதில உண்மையாக் கோவம் வருது, அவ்வளவு கவனமா, அவ்வளவு துணிவாக் கேட்ட ஒரு கேள்வியை நாங்களே பழுதாக்கிப்போட்டம்.

பொஸ்னியாவில சண்டை முடிய அங்கயும் உதே சண்டைதான், ரெண்டு லட்சம், ரெண்டரை லட்சம் எண்டு ஒரு பக்கம், அவ்வளவு இல்லை எண்டு மற்றப் பக்கம். சரயேவோவில மிர்சாட் டோகாச்சா எண்ட மனுசனும் அவரோட நிண்ட ஆக்களும் வருசக் கணக்கா இருந்து ஒவ்வொரு பேரா எடுத்தவை, பேர், தேப்பன்ர பேர், பிறந்த திகதி, செத்த இடம், எல்லாப் பக்கத்தாரின்ரயும். முடிவில வந்தது கிட்டத்தட்ட 96 ஆயிரம் பேர். சொல்லிக்கொண்டிருந்ததில பாதி. அவையின்ர சொந்தச் சனமே திட்டினது, எங்கட சாவைக் குறைச்சுப்போட்டியள் எண்டு. ஆனால் அந்த 96 ஆயிரத்தில ஒண்டை எடுத்து இது பொய் எண்டு சொல்ல வாறவன் ஒரு பேருக்கு முன்னால, ஒரு தாய்க்கு முன்னால நிக்கோணும்.

பேர் இருந்தால் கணக்கும் வரும், அதை என்ர பிள்ளையளுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுறன். குளத்தில எத்தினை மீன் எண்டு தெரியாது. நூறு மீனைப் பிடிச்சு அடையாளம் போட்டு விடுறம். பிறகு இன்னொரு நாள் நூறு பிடிக்கிறம், அதுக்குள்ள அடையாளம் போட்டது அம்பது இருந்தால் குளத்தில மீன் கொஞ்சம்தான், ரெண்டு மூண்டுதான் இருந்தால் குளம் நிறைய மீன். அதே போலத்தான் ஒரு சேர்ச்சில ஒரு லிஸ்ட், ஒரு சங்கத்தில ஒரு லிஸ்ட், ரெண்டிலயும் ஒரே ஆக்கள் எத்தினை பேர் எண்டு பாத்து, ரெண்டிலயும் வராத ஆக்கள் எத்தினை பேர் இருக்கலாம் எண்டு கணக்கெடுக்கலாம், மனித உரிமைப் புள்ளிவிவரக்காரர் கனக்க நாட்டில செய்திருக்கினம். ஆனால் அதுக்கு லிஸ்டில பேர் இருக்கோணும். "எங்கட ஊரில 60 பேர் செத்தவை" எண்டு எழுதினால் அதை ஒண்டோடயும் ஒப்பிட ஏலாது.

இதை வாசிக்கிற சிலபேருக்கு அடுத்தது பிடிக்காது, பரவாயில்லை. பேர் எழுதேக்க ஆர் கொண்டது எண்டதையும் உள்ளபடி எழுதோணும். தப்பிப் போன சனத்தை இயக்கம், புலிகள், சுட்டது, எங்களுக்கு முன்னாலயும் நடந்தது. கடைசி மாசங்களில பிள்ளையளைப் பங்கருக்குள்ள இருந்து இழுத்துக்கொண்டு போனவை, மாமியின்ர மச்சாளின்ர மகள் அப்பிடிப் போய் ரெண்டு கிழமையில பெட்டியில வந்தவள், அதுக்கு மேல கொடியைப் போத்தால் மட்டும் அது வேற சாவாப் போயிடுமோ? ஷெல் அடிச்சது ஆமி, பாதுகாப்பு வலயம் எண்டு தானே அறிவிச்ச இடத்துக்குள்ள அடிச்சது, ஆஸ்பத்திரிக்கு அடிச்சது, செத்ததில பெரும்பங்கு அதால எண்டதை இதொண்டும் மாத்தாது. 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசலில தொழுதுகொண்டிருந்த முஸ்லிம் சனத்தை இயக்கம் சுட்டதும் அப்பிடித்தான் எழுதப்படோணும், அங்க சுவரில பட்ட சூட்டுத் துளையளைப் பூசி மறைக்காமல் வச்சிருக்கினம். நான் போய்ப் பாத்தனான். கையை வச்சால் விரல் போகும்.

யோசிச்சுப் பாத்தால் எழுதி வைக்கிறது எங்கட சனத்துக்குப் புதுசு இல்லை. 90 வயசில ஒரு தாத்தா செத்தால் பேப்பரில மரண அறிவித்தல் போடுறம், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மாமனாரும் எண்டு பீட்டன் பூட்டன் வரைக்கும் பேர் விடாமல். ஒரு மச்சானின்ர பேர் விடுபட்டால் பத்து வருசம் கதை பேச்சு இல்லை. 31 ஆம் நாளுக்குக் கல்வெட்டு எண்டு ஒரு நினைவுப் புத்தகம் அடிச்சு, பிறந்த திகதி, படிச்ச பள்ளிக்கூடம், நாட்டின தென்னம்பிள்ளை எல்லாம் எழுதி, வந்தவைக்கெல்லாம் சாப்பாட்டோட குடுத்து விடுறம். முள்ளிவாய்க்காலில செத்த எங்கட சித்தப்பாவுக்குக் கல்வெட்டு இல்லை. அவருக்கு 41 வயசு, ரக்டர் வச்சிருந்தவர், மேளக்கச்சேரி எங்க நடந்தாலும் சைக்கிளில போயிடுவார். இதை நான் எழுதாட்டி வேற எங்கயும் இல்லை.

அதால கேக்கிறது இதுதான். உங்கட வீட்டில செத்தவை, துலைஞ்சவை ஒவ்வொருத்தருக்கும் ஒரு கொப்பியில ஒரு பக்கம் எழுதுங்கோ. முழுப்பேர், தாய் தேப்பன் பேர், பிறந்த திகதி, ஜி.எஸ். பிரிவு, ஐடென்டிற்றி நம்பர் தெரிஞ்சால் அதுவும். எந்த நாள், எந்த இடம், பக்கத்தில என்ன இருந்தது, கோயிலோ கிணறோ. ஆர் கண்டது. தாட்டதோ, எங்க. திகதி நினைவில்லாட்டி "சித்திரைப் பறுவத்துக்கு ரெண்டு நாளைக்குப் பிறகு" எண்டு அம்மா சொல்லுறதை அப்பிடியே எழுதுங்கோ, கண்டுபிடிக்கலாம். நீங்களே கண்டதோ, ஆரும் சொன்னதோ எண்டதைப் பிரிச்சு எழுதுங்கோ. ஆமியிட்ட கையளிச்சவையைச் செத்தவையோட சேர்க்காதேங்கோ, அது வேற பக்கம், அவையை எங்க எண்டு கேட்டு 2017 பெப்ரவரி 20 இல இருந்து கிளிநொச்சியில தாய்மார் றோட்டில இருக்கினம், மரணச் சான்றிதழைத் தாறம் வாங்குங்கோ எண்டால் வாங்கமாட்டம் எண்டுதான் இருக்கினம். அதில கனபேர் இப்ப உயிரோட இல்லை. ஒவ்வொரு தாயும் போகேக்க அவவுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு திகதியும் போகுது. கொப்பியை ரெண்டு பிரதி எடுத்து வேற வேற வீட்டில வையுங்கோ. தயவு செய்து பேஸ்புக்கில கொண்டு வந்து போடாதேங்கோ, சாட்சி சொன்ன ஆக்கள் இஞ்சதான் இருக்கினம். மாமியின்ர இடாப்பில இருக்கிற ஒரு பேரையும் நான் இதில எழுதாததும் அதாலதான்.

வெளிநாட்டில இருக்கிறவை மே 18 நினைவு நாளுக்கு மண்டபம் எடுக்கிற செலவில ஒரு பங்கை, ஊருக்கு ரெண்டு பெட்டையளை வச்சு வீடு வீடாப் போய்க் கேக்கிறதுக்குக் குடுங்கோ. கேக்கிறவைக்கு எப்பிடிக் கேக்கிறது எண்டு முதல் பழக்கோணும், ஏனெண்டால் சொல்லத் தொடங்கின தாய் நடுவில நிப்பாட்டினால் பேனையை மூடி வச்சிட்டு அவவோட இருக்கத் தெரியோணும்.

வாற ஞாயிறு மாமியோட விசுவமடுவுக்குப் போறன். இடாப்பில 14 ஆவது பேர், பென்சில். அந்தப் பிள்ளையின்ர அம்மம்மா அங்க ஒரு மகளோட இருக்கிறா எண்டு சந்தையில ஆரோ சொல்லியிருக்கினம். மாமிக்கு இப்ப முழங்கால் ஏலாது, ஓட்டோ பிடிச்சுத்தான் போகோணும். நேற்றே பாக்குக்குள்ள இடாப்பை வச்சு, பேனை ஒண்டும் பென்சில் ஒண்டும் வச்சிட்டா.