சிக்னல் விட்டு விட்டு வரும் ஊருக்கும் சேர்த்து எழுதுங்கள்

திறமூல மென்பொருள் நடத்துகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. உங்கள் பங்களிப்பு வழிகாட்டியின் முதல் வரி "ரெப்போவை குளோன் செய்யவும்." அதாவது, திட்டத்தின் கோப்புகளும் மாற்ற வரலாறும் உள்ள களஞ்சியத்தை கிட் என்ற கருவியால் முழுசாக நகலெடுப்பது. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி உட்கார்ந்திருக்கும் பிள்ளை அந்த வரியிலேயே நின்றுவிடும். கிட் குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. 90 சதவீதத்தில் சிக்னல் போனாலும் மறுபடி பூச்சியத்திலிருந்துதான். போன டேட்டா போனதுதான்.

"குளோனுக்கு --டெப்த் 1 போடுங்க" என்பவர்கள் மீதியையும் எழுத வேண்டும். கடைசி கமிட் (பதிவுசெய்த மாற்றம்) மட்டும் வரும். எழுத்துப்பிழை திருத்த அது தாராளம். ஆனால் எந்த வரி எந்த மாற்றத்தில் வந்தது என்று பார்க்க பிளேம் போட்டால் எல்லா வரியையும் அந்த ஒரே கமிட் எழுதியதாகக் காட்டும். வரலாறு தேவைப்பட்டால் "கிட் ஃபெட்ச் --டீப்பன்=50" என்று ஐம்பது ஐம்பதாகப் பின்னால் போகலாம். நடுவில் அறுந்தாலும் அந்தத் துண்டு மட்டுமே நட்டம்.

என்னைக் கேட்டால் பண்டில்தான் சரி. பராமரிப்பவர் மாதம் ஒருதரம் "கிட் பண்டில் கிரியேட்" கட்டளையை --ஆல் சேர்த்து ஓட்டினால் முழு ரெப்போவும் ஒரே கோப்பு. சாதாரண டவுன்லோட் மாதிரி அறுந்த இடத்திலிருந்து தொடரலாம். ஹட்டனில் ஒருத்தர் இறக்கி, பென் டிரைவில் பஸ்ஸில் கொடுத்தனுப்பினாலும் வேலை நடக்கும். அதிலிருந்து குளோன் செய்த கையோடு "கிட் ரிமோட் செட்-யூஆர்எல் ஆரிஜின்" என்று உண்மையான முகவரியைக் கொடுக்க வேண்டும். இந்த வரியை எழுத மறந்தால், ஒவ்வொரு ஃபெட்சுக்கும் (புதிய மாற்றங்களை இறக்குவதற்கும்) கிட் அந்தப் பென் டிரைவையே தேடும்!

தமிழ்ப் பெயருள்ள கோப்பு இன்னொரு வில்லங்கம். 'அ'வில் தொடங்கும் பெயர், மாறிய கோப்புகளைப் பட்டியலிடும் கிட் ஸ்டேட்டஸில் \340\256\205 என்று தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று புதியவர் பெயரை மாற்றிவிடுவார். கெடவில்லை, "கோர்.க்வோட்பாத்" (core.quotePath) அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழாகவே தெரியும்.

2021 ஆகஸ்ட் 13 முதல் ரெப்போக்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் புஷ்ஷுக்கு (மாற்றங்களை அனுப்புவதற்கு) கடவுச்சொல்லை ஏற்பதில்லை. இன்னும் "பாஸ்வேர்ட் கொடுக்கவும்" என்றிருந்தால் இன்றைக்கே டோக்கன் அல்லது எஸ்எஸ்எச் சாவி என்று மாற்றுங்கள்.

முக்கியமாக, ரீபேஸுக்குப் பிந்திய புஷ். ரீபேஸ் என்றால் உங்கள் கமிட்களைப் புதிய அடித்தளத்தின் மேல் மறுபடி அடுக்குவது. கிட் "ரிஜெக்டட்" என்று மறுத்து, புல் செய்யச் சொல்லி (அங்கிருப்பதை இறக்கி இணைக்கச் சொல்லி) யோசனையும் தரும். அதைக் கேட்டால் ஒரே கமிட் இரண்டு தடவை வந்து நிற்கும். "புல் செய்யாதே, உன் சொந்தக் கிளைக்கு மட்டும் --ஃபோர்ஸ்-வித்-லீஸ் (நடுவில் வேறு யாரும் எதுவும் சேர்க்காவிட்டால் மட்டும் மேலெழுதுவது) சேர்த்துப் புஷ் செய்" என்பதை ரீபேஸ் கட்டளைக்கு நேர் கீழேயே எழுதுங்கள், பின்னிணைப்பில் அல்ல.