160 ஏக்கர் சும்மா கிடைத்ததா?

“1862-இல் அமெரிக்க அதிபர் லிங்கன் கேட்டவருக்கெல்லாம் 160 ஏக்கர் காலி நிலத்தை இலவசமாகக் கொடுத்தார், போதகர்கள் மதம் பரப்பவே அங்குள்ள சமவெளியில் பத்திரிகை தொடங்கினார்கள்” என்று ஒரு பதிவு சுற்றுகிறது. பாதிதான் சரி.

நிலத்துக்கு விலை இல்லை, கட்டணம் உண்டு. ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்து காட்டினால்தான் பட்டா. ஆறு மாதத்திலேயே வேண்டுமென்றால் ஏக்கருக்குக் குறைந்தது 1.25 டாலர்.

பத்திரிகை விஷயம் இன்னும் சுவாரசியம். பட்டா கோருபவர் தன் நிலத்துக்கு அருகில் வெளியாகும் பத்திரிகையில் முன்னறிவிப்பு வெளியிட வேண்டும் என்று 1879-இல் சட்டம் வந்தது. செலவு குடியேறியவருடையது. அந்தச் சமவெளியின் வடபகுதியான டகோட்டாவில் பல சிற்றூர் அச்சகங்கள் பிழைத்ததே இந்த அறிவிப்புக் காசில்தான். போதகர் நடத்தினாலும் கணக்கு அதுவே. அறிவிப்புகள் தீர்ந்ததும் மூடப்பட்ட பத்திரிகைகள் ஏராளம்.

‘காலி நிலம்’ என்பதும் பொய். அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான லகோட்டா மக்களின் பெரும் நிலப்பரப்பு 1889-இல் துண்டாடப்பட்டு, மிச்சமென்று சொல்லிக் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது.