எனக்குத் துணி வெட்டத்தான் தெரியும் சார்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறாவதிலிருந்து பத்தாவது முடிக்கும்வரை என் சாயங்காலங்கள் அவர் வீட்டில்தான் கழிந்தன.

சங்கரன்கோவிலில் அப்பா டெய்லர். ஒரு மிஷின் வைத்த சின்னக் கடை. லீவு நாளில் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் என் வேலை. அப்பா படித்தது ஐந்தாவது. அளவு நோட்டைத் தவிர வேறு எதிலும் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. சார் வீடு கடைக்குப் பின்தெருவில். ஆபீஸ் விட்டு வந்ததும் இங்கிலீஷ் பேப்பரை என் கையில் கொடுத்து, சத்தம் போட்டு வாசிக்கச் சொல்வார். தெரியாத வார்த்தைக்கு அர்த்தம் சொல்லமாட்டார். டிக்ஷனரி இருக்கும் பக்கம் கையைக் காட்டுவார். அந்த டிக்ஷனரிக்கு முதுகு கிழிந்து, காலருக்கு உள்ளே வைக்கிற கேன்வாஸ் துணியில் யாரோ அட்டை தைத்திருந்தார்கள். யார் தைத்தது என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

ஏழு மணிக்கு மேல் ஆட்கள் வருவார்கள். முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனது. எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். “முதல் பாராவுல அந்த ஆளோட கஷ்டம் என்னன்னு சொல்லிடணும்டா. சட்டமெல்லாம் அப்புறம்” என்பார். நான் இன்றைக்கு வக்கீல். கோர்ட்டில் தாக்கல் செய்கிற ஒவ்வொரு மனுவிலும் முதல் பாரா அவர் சொன்னபடிதான் இருக்கும்.

திண்ணையில் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். “நீயாத்தான் எங்க வீட்டுக்கு வந்தேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கியாப்பா?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை.

“உங்க அப்பா ஒருநாள் ராத்திரி கடைய அடைச்சிட்டு வந்தார். ‘எனக்குத் துணி வெட்டத்தான் தெரியும் சார். அதுக்கு மேல இவனுக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. நீங்க கொஞ்சம் பாத்துக்கிடணும்’னு சொன்னார். அன்னைலேர்ந்து அஞ்சு வருஷமும் என் சட்டைக்குக் கூலி வாங்கல. அந்த டிக்ஷனரி அட்டைகூட அவர் தைச்சதுதான்.”

முப்பது வருடமாக, பேப்பர் படிக்கிற ஆசையில் நானாகத்தான் அந்த வீட்டுப் படியேறினேன் என்று நினைத்திருக்கிறேன். அப்பா அதைக் கடைசிவரை திருத்தவே இல்லை.

அன்றிலிருந்து ஒரே யோசனை. நல்ல அப்பா என்றால் பிள்ளைக்கு எல்லாமாகவும் இருப்பவர் என்று நாம் நம்புகிறோம். எனக்கு அது இப்போது தவறாகப்படுகிறது. தன்னிடம் இல்லாதது எது என்று தெரிந்துகொண்டு, அது இருக்கிற வீட்டைத் தேடிப் போய்க் கதவைத் தட்டுவதும் பெற்றோரின் வேலைதான். தட்டுவதற்குக் கொஞ்சம் கௌரவத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அப்பா விட்டுக்கொடுத்தார்.

அப்துல் கலாமை முன்மாதிரி என்று சொல்லாத பள்ளிக்கூட மேடை நம்மூரில் கிடையாது. அவரைச் சுற்றி நின்றவர்களை மட்டும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் 1931-ல் பிறந்தவர். அப்பா ஜைனுலாப்தீனுக்குப் பெரிய பள்ளிப்படிப்பும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் பையனுக்குப் பதினைந்து வயது மூத்த சிநேகிதராக ஜலாலுதீன் இருந்தார். அந்தத் தீவில் அன்றைக்கு இங்கிலீஷில் எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று கலாம் சொல்லியிருக்கிறார். யார் வந்து கேட்டாலும் லெட்டர் எழுதிக் கொடுப்பாராம். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் சார்தான் கண்முன் வந்தார். உறவில் அண்ணன் முறையான சம்சுதீன் ஊருக்குப் பேப்பர் ஏஜென்ட். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போக, ஓடுகிற ரயிலிலிருந்து வீசப்படும் பேப்பர் கட்டுகளைப் பிடிக்கிற வேலையைப் பையனுக்குக் கொடுத்து முதல் சம்பளமும் கொடுத்தவர் அவர். மாணிக்கம் என்பவர் தன் வீட்டுப் புத்தகங்களைப் படிக்கக் கொடுத்தார். ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் ஐயாதுரை சாலமோன் என்ற ஆசிரியர் கிடைத்தார். மெட்ராஸில் எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது அக்கா ஜொஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

இவர்களில் என் மனதை விட்டுப் போகாதவர் சிவசுப்பிரமணிய ஐயர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார், ஆசாரமான குடும்பம். ஒருநாள் மாணவனைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். முஸ்லிம் பையனுக்குத் தன் சமையலறையில் பரிமாற அவர் மனைவி மறுத்துவிட்டார். ஐயர் மனைவியிடம் கோபப்படவில்லை. தானே பரிமாறி, பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். கிளம்பும்போது அடுத்த வாரமும் வரச் சொன்னார். பையன் தயங்கினான். அடுத்த வாரம் போனபோது அந்த அம்மாவே உள்ளே கூட்டிப்போய்த் தன் கையால் பரிமாறினார். வாத்தியாரின் பாடத்தில் இது இல்லை. எந்த அப்பாவாலும் தன் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு பிள்ளைக்கு இதைக் காட்டியிருக்க முடியாது.

விஸ்வநாதன் ஆனந்துக்கு செஸ் சொல்லிக் கொடுத்தது அம்மா சுசீலாதான். ஆனால் அது அம்மாவோடு நின்றுவிடவில்லை. மெட்ராஸில் சோவியத் கலாச்சார மையத்தில் நடந்த தால் செஸ் கிளப்பில் பையன் போய் விளையாட ஆரம்பித்தான். தன்னைவிடப் பெரியவர்களோடு ஆடித்தான் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பிறகு அவரே அடுத்த தலைமுறைக்கு வழிகாட்டியாக நின்றார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷ், ஆனந்தின் கைப்பிடித்து வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர்.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன். மகளுக்குப் பதின்மூன்று வயது. சென்னையில் அப்பார்ட்மென்ட். எங்களைத் தவிர அவளை உண்மையிலேயே தெரிந்த பெரியவர்கள் எத்தனை பேர் என்று ஒருநாள் ராத்திரி எண்ணிப் பார்த்தேன். என் மாமியாரோடு எண்ணிக்கை நின்றுவிட்டது. ஸ்கூல் மிஸ், டியூஷன் மிஸ், பரதநாட்டிய மிஸ், வேன் டிரைவர் என்று தினமும் பார்க்கிற ஆட்கள் நிறைய. எல்லோருக்கும் மாதம் பிறந்தால் பணம் போய்விடுகிறது. டியூஷன் மிஸ்ஸுக்கு அவள் மார்க் தெரியும். எதைக் கண்டால் அவளுக்குக் கண் கலங்கும் என்று தெரியாது. அவர்கள்மேல் குறையில்லை. அந்த அளவுக்குத்தான் நாம் உள்ளே விடுகிறோம்.

ஏன் விடுவதில்லை என்றும் தெரியும். வக்கீலாக இருப்பதால் கூடுதலாகவே தெரியும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் போக்சோ சட்டம் வந்தது சும்மா இல்லை. பிள்ளைக்குத் தெரிந்த ஆளே, வீட்டுக்கு வந்துபோகிற ஆளே குற்றவாளியாக நின்ற வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பயம் நியாயமானது, அதை யாரும் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அப்பா என்னை அப்படியே விட்டுவிட்டுப் போகவும் இல்லையே. சார் வீட்டு வாசல் கதவு திறந்தே இருக்கும், நாங்கள் உட்கார்ந்திருப்பது முன்கூடத்தில். எட்டு மணிக்கு அப்பா வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். வீட்டுக்குப் போகிற வழியில், “இன்னைக்கு என்னல படிச்ச? வேற யார் வந்தா? சார் என்ன சொன்னாரு?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். பாசம்தான், காவலும் அதிலேயே இருந்திருக்கிறது. நாம் காவலை மட்டும் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டோம்.

எங்கள் பிளாக்கில் இரண்டாவது மாடியில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவர். லிஃப்டில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். மகளுக்கு உடம்பைப் பற்றி, நோயைப் பற்றி ஓயாமல் கேள்வி. எனக்கும் என் மனைவிக்கும் பதில் தெரியாது. போன மாதம் இருவரும் போய்க் கதவைத் தட்டினோம். என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல், “அம்மா, எனக்குக் கேஸ் கட்டுதான் தெரியும். இவளுக்கு நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுக்கணும்” என்றேன். சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த அம்மா மகளைப் பார்த்து, “ஆறு மணிக்கு வாடா கண்ணு. கூட உங்க அம்மாவும் வந்து உக்காரட்டும்” என்றார்.

நேற்று ராத்திரி நான் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். என்னம்மா என்று கேட்டேன்.

“பேசாதீங்கப்பா. எண்ணிக்கிட்டு இருக்கேன்.”